நோயாளரின் அந்தரங்கமும் அவருடைய உரிமையும்

வைத்தியரிடத்தும் வழக்கறிஞரிடத்தும் உண்மையை மறைத்தலாகாது என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு சொல். இச்சொல்லுக்கு மறுபாதி ஒன்றுண்டு. அதனை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே விளங்கும் என்று விட்டுவிடுகின்றோம். கேட்டறிந்தவர் அதனைப் பிறரிடத்துக் கூறலாகாது என்பதே அந்த மறுபாதி. கிராமத்துப் பரியாரியார் நாடி பிடித்து அறிந்த செய்தி அவருடைய நெஞ்சோடு நின்றது. கிரேக்க வைத்தியர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழியும், சிகிச்சையின்போது கண்டதையும் கேட்டதையும் வெளியிடேன் என்று வைத்தியரைச் சொல்ல வைத்தது.

நேயர்களே, இன்று அந்த இரகசியம் வைத்தியரின் நெஞ்சில் மட்டும் தங்கியிருக்கவில்லை. நம்முடைய பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், இரத்தப் பரிசோதனையின் முடிவு, நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து, பெற்ற பிள்ளைகள், பெறாது இழந்த பிள்ளைகள், பிறர் அறியாத மனத்துயர் ஆகிய யாவும் வைத்தியசாலைகளின் கணினிகளிலே பதியப்பட்டு வருகின்றன. கிளினிக் கொப்பி ஒன்று பஸ்ஸிலே தவறிப்போனால் ஒருவருடைய செய்தியே வெளிப்படும். கணினியின் கதவு திறந்து கிடந்தாலோ ஒரே இரவில் முப்பதினாயிரம் பேருடைய செய்தி வெளிப்பட்டுவிடும். ஆகையாற் கணினியே வேண்டா என்பது என் கருத்தன்று. மயங்கிய நிலையிற் கொண்டுவரப்பட்ட ஒருவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதை ஒரு நொடியில் அறிந்துகொள்வது உயிரைக் காக்கும் காரியம். பூட்டு நன்றாயிருக்கவேண்டும் என்பதும், பூட்டு உடைந்தால் உடையவருக்கு அதனை உடனே சொல்லவேண்டும் என்பதுமே இன்றைய பேச்சின் பொருள்.

மருத்துவச் செய்தி களவுபோவதில் ஒரு தனித்தன்மை உண்டு. வங்கி அட்டை களவுபோனால் வங்கிக்கு அறிவித்து அதனை நிறுத்திவிடலாம். கடவுச்சொல் களவுபோனால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் தமக்கிருந்த நோயை ஒருவர் மாற்றிக்கொள்ள இயலுமா? ஒருமுறை வெளிப்பட்டது வெளிப்பட்டதே. இதனாலேதான் களவாடுவோர் அதனைப் பெரிதும் விரும்புகின்றனர். இதனாலேதான் சட்டமும் அதனை ஏனைய செய்திகளிலிருந்து பிரித்து வைத்துக் கூடுதலான காவல் இட்டிருக்கின்றது.

பின்லாந்து தேசத்திலே நிகழ்ந்த ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்லுகின்றேன். அந்நாட்டில் வஸ்தாமோ என்ற பெயருடைய உளச்சிகிச்சை நிறுவனம் ஒன்று இருந்தது. மனம் நொந்தவர்கள், மணவாழ்வில் முறிவு கண்டவர்கள், சிறுவயதிற் கொடுமைக்கு ஆளானவர்கள், பாடசாலைப் பிள்ளைகள் என ஏறக்குறைய 33,000 பேர் அதன் நோயாளராயிருந்தனர். ஐம்பத்தைந்து இலட்சம் மக்களே வாழும் ஒரு நாட்டில் இது சிறிய தொகையன்று. சிகிச்சை அறையில் அவர்கள் மனந்திறந்து கூறியவற்றைச் சிகிச்சையாளர் குறிப்பெழுதி வைத்தனர். அக்குறிப்புகள் இருந்த கணினிப் பதிவேடு பல மாதங்களாக இணையத்தை நோக்கித் திறந்து கிடந்தது. அதனை ஆளும் தலைமைக் கணக்குக்குக் கடவுச்சொல்லே இடப்படவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளியாயிற்று. வீட்டைப் பூட்டாமற் போவதோடன்றிக் கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டுப் போவதற்கு இஃது ஒப்பாகும்.

2018 நவம்பரில் ஒருமுறையும் 2019 மார்ச்சில் மறுமுறையும் அந்நியர் உட்புகுந்தனர். இரண்டாம் முறை பதிவேடே அழிக்கப்பட்டு, கப்பம் கோரும் குறிப்பொன்றும் அங்கே விடப்பட்டிருந்தது. நிறுவனம் அதனை அதிகாரிகளுக்கு உரியவாறு அறிவிக்கவில்லை, நோயாளருக்கும் சொல்லவில்லை. ஒன்றரை ஆண்டுகள் கழிந்தன. 2020 செப்டெம்பர் இறுதியில் நிறுவனத்திடம் 40 பிட்கொயின், அதாவது அக்காலத்து மதிப்பில் ஏறக்குறைய நாலரை இலட்சம் யூரோ, கப்பமாகக் கேட்கப்பட்டது. பணம் கிடைக்காமையால் ஒக்டோபர் மாதத்தில் நாளொன்றுக்கு நூறு பேர் வீதம் நோயாளருடைய குறிப்புகள் இணையத்தின் மறைவான பகுதியொன்றில் வெளியிடப்பட்டன. அதன்பின் கப்பக்காரன் நோயாளர்களையே நேராக நாடினான். இருபத்துநான்கு மணி நேரத்துள் 200 யூரோ செலுத்துக. தவறினால் 500 யூரோ. அதுவும் தவறினால் உமது அந்தரங்கம் ஊரறிய வெளியாகும் என்று அவர்களுக்கு மின்னஞ்சல்கள் வந்தன. தங்கள் இரகசியம் களவுபோயிற்று என்பதைப் பலர் அறிந்தது களவாடியவனுடைய கடிதத்தைக் கொண்டுதான்.

களவு முதலாவது குற்றம், மௌனம் இரண்டாவது. இவ்விரண்டில் இரண்டாவதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. கள்வன் யாரென்று நோயாளருக்குத் தெரியாது. அவன்மீது அவர் நம்பிக்கை வைத்ததுமில்லை. நம்பிக்கை வைக்கப்பட்ட நிறுவனமோ பேசாதிருந்தது. 2019 மார்ச்சிலேயே உண்மை சொல்லப்பட்டிருப்பின் அந்த மக்கள் தங்கள் அடையாள இலக்கத்தைக் காத்துக்கொள்ளவும், வீட்டாரிடம் தாமே முந்திச் சொல்லிவிடவும், சட்டத்தரணியை நாடவும் ஒன்றரை ஆண்டு அவகாசம் பெற்றிருப்பர்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையிலிருக்கும் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி இதனை வெறும் நாகரிகமாக விடாமற் கடமையாகவே விதித்திருக்கின்றது. தனியாள் பற்றிய செய்தி கசிந்ததை ஒரு நிறுவனம் அறிந்தால், இயன்றவரை 72 மணி நேரத்துள் மேற்பார்வை அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். மக்களுக்கு அதனாற் பெரும் ஆபத்து நேரக்கூடுமாயின் அவர்களுக்கும் தாமதமின்றி, எளிய மொழியில், என்ன நடந்தது, என்ன விளையலாம், என்ன செய்யப்பட்டிருக்கின்றது என்பவற்றைச் சொல்லவேண்டும். இக்கடமையை மீறியமைக்கும் காவற் குறைபாட்டுக்குமாக 2021 டிசம்பரில் வஸ்தாமோவுக்கு 608,000 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. அதற்குள் அந்நிறுவனம் முறிந்துபோய்விட்டது. கப்பக் கடிதங்களை எழுதியவன் என்று குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞனுக்கு 2024 ஏப்ரிலில் மாவட்ட நீதிமன்றம் ஆறு ஆண்டும் மூன்று மாதமும் சிறைத்தண்டனை அளித்தது. அவன் குற்றத்தை மறுத்து மேன்முறையீடு செய்தான்.

அந்த வழக்கின் தீர்ப்பிலே நேயர்கள் கவனிக்கத்தக்க ஒரு கணக்குண்டு. கப்பம் கோர முயன்ற குற்றங்கள் இருபதினாயிரத்துக்கும் மேல். பணம் கைமாறி நிறைவேறிய குற்றங்களோ 20 மட்டுமே. அச்சத்தின் நடுவிலும் மக்கள் பெரும்பாலும் பணம் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் எதனைப் பெற்றார்கள்? நோயாளருக்கு மின்னஞ்சல் அனுப்பப்படுவதற்கு முதல்நாளே முழுப் பதிவேடும் சிறிது நேரம் வெளியிலே கிடந்தது. வெளியாகிவிட்ட ஒன்றை வெளியிடாதிருப்பதற்காக அவர்களிடம் பணம் வாங்கப்பட்டது. கப்பம் கொடுத்தால் இரகசியம் காப்பாற்றப்படும் என்பதற்குக் கள்வனுடைய சொல்லைத் தவிர வேறு பிணையில்லை. ஆதலாற் பணம் கொடுக்கவேண்டா. அவனுடன் வாதிட்டுப் பதிலும் எழுதவேண்டா. வந்த கடிதத்தை அழித்துவிடவும் வேண்டா. வெட்கத்தினாலும் கோபத்தினாலும் அழித்துவிடுவது மனித இயல்பு. ஆனால் அதுவே பொலிசாருக்கும் நீதிமன்றத்துக்கும் நீங்கள் காட்டக்கூடிய முதலாவது சான்று. வந்த நாள், நேரம், அனுப்பியவன் முகவரி, பணம் அனுப்பச் சொன்ன இடம் ஆகிய யாவும் தெரியும்படி அதனைப் படமெடுத்துப் பேணிவைத்தல் வேண்டும். பின்லாந்தில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பொலிசில் முறைப்பாடு பதிந்தனர். அம்முறைப்பாடுகள் இல்லையேல் அந்த வழக்கே இல்லை.

அந்தரங்கம் மட்டுமா களவுபோகின்றது? பெயரும் பிறந்த திகதியும் அடையாள இலக்கமும் முகவரியும் ஒருங்கே பிறர் கைக்குப் போகின்றன. அவற்றைக் கொண்டு வேறொருவன் உங்கள் பெயரிற் கடன் வாங்கலாம்; தொலைபேசி இணைப்புப் பெறலாம்; உங்கள் கடிதங்களைத் தன் முகவரிக்குத் திருப்பிக்கொள்ளலாம். பின்லாந்து மக்கள் தம் பெயரிற் கடன் கொடுக்கலாகாது என்ற தடையைக் கடன் பதிவு நிலையங்களில் இட்டுக்கொள்ளவும், தபால் முகவரி மாற்றத்தைத் தடுத்து வைக்கவும் அறிவுறுத்தப்பட்டனர். நாடு எதுவாயினும் வழி இதுவே: உங்கள் வங்கிக்குச் சொல்லிவையுங்கள், கணக்கு விவரத்தைச் சில மாதங்களுக்கு வரிக்கு வரி பாருங்கள், வைத்தியசாலையின் இணையக் கணக்குக்கு வைத்த கடவுச்சொல்லையே வேறிடத்திலும் வைத்திருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். காப்புறுதி உள்ளவர்கள், தாம் பெறாத சிகிச்சைக்குத் தம் பெயரில் எவரேனும் பணம் கோரியிருக்கின்றனரா என்று கேட்டறிதல் நன்று. அத்தகைய மோசடியிற் பணம் போவதிலும் கொடியது ஒன்றுண்டு. வேறொருவனுடைய இரத்த வகையும் நோயும் உங்கள் பதிவிலே கலந்துவிடக்கூடும்.

களவுக்குப் பின் வரும் மற்றோர் ஆபத்தைச் சிங்கப்பூரில் நடந்ததைக் கொண்டு விளக்கலாம். அங்கே சிங்ஹெல்த் என்னும் பெரிய வைத்தியசாலைக் கூட்டமைப்பின் பதிவேட்டிலிருந்து 2018 ஜூன் 27 தொடக்கம் ஜூலை 4 வரையான நாட்களில் 15 இலட்சம் பேருடைய பெயர், அடையாள இலக்கம், முகவரி முதலியன களவாடப்பட்டன. 1 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரமும் உடன் போயிற்று. அவர்களுள் அக்காலத்துப் பிரதமர் லீ சியென் லூங்கும் ஒருவர். அவருடைய பதிவு குறிவைத்துத் தேடப்பட்டது. கணினிக் காவலர் ஜூலை 4 இல் ஐயுற்றுத் தடுத்தனர். ஜூலை 20 இல் அரசாங்கமே நாட்டுக்கு அறிவித்து, நோயாளருக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பிற்று. பதினாறு நாட்கள். பின்லாந்தின் ஒன்றரை ஆண்டோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னர் விசாரணைக் குழு பகிரங்க அறிக்கை வெளியிட்டது. 2019 ஜனவரியில் கணினி சேவை நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும், சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் தண்டம் விதிக்கப்பட்டன.

ஆயினும் அறிவிப்பு வெளியான கையோடு போலிக் குறுஞ்செய்திகளும் உலவத் தொடங்கின. கசிவு பற்றிய செய்தி ஊரெங்கும் பரவியிருக்கும் வேளையில், “வைத்தியசாலையிலிருந்து பேசுகின்றோம், உமது விவரத்தைச் சரிபார்க்கவேண்டும்” என்று ஒரு குரல் வந்தால் அதனை நம்பாதவர் மிகச் சிலரே. அக்குரலுக்கு உங்கள் மருந்தின் பெயர்கூடத் தெரிந்திருக்கலாம், களவாடியதே அதுதானே! வந்த அழைப்பிற் பேசாமல், வைத்தியசாலையின் பற்றுச்சீட்டிலோ கொப்பியிலோ அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு நீங்களே திரும்பப் பேசுவதுதான் பாதுகாப்பு. வீட்டிலுள்ள முதியோருக்கு இதனை ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவைக்க வேண்டும்.

இனி நட்டஈடு. பணம் இழந்தவருக்கு நட்டஈடு உண்டென்பது எளிதில் விளங்கும். இழந்தது நித்திரையாயின் என்செய்வது? ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2023 ஆம் ஆண்டில் இது குறித்துச் சில முக்கியமான தீர்ப்புகளை வழங்கிற்று. ஒஸ்திரியத் தபால் நிறுவனம் பற்றிய மே 4 ஆந் திகதித் தீர்ப்பில், சட்டம் மீறப்பட்டது என்பது மட்டும் நட்டஈட்டுக்குப் போதாது, உண்மையான பாதிப்பு இருத்தல் வேண்டும் என்றது. ஆனால் அப்பாதிப்பு இவ்வளவு பெரிதாயிருக்கவேண்டும் என்று அளவுகோல் வைக்கலாகாது என்றும் உடன் கூறிற்று. பல்கேரிய நாட்டு வரித் திணைக்களத்திலிருந்து அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோருடைய செய்தி களவுபோன வழக்கில், டிசம்பர் 14 ஆந் திகதி, மேலும் ஒருபடி சென்றது. என் செய்தியைப் பிறர் தீய வழியிற் பயன்படுத்துவாரோ என்ற அச்சமே பாதிப்பு ஆகலாம் என்றும், தகுந்த காவல் இட்டிருந்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையதே என்றும் தீர்ப்பளித்தது. இந்தப் பிற்கூற்று சாமானியருக்கு மிகப் பெரிய துணை. வைத்தியசாலையின் கணினி அறைக்குள் நடந்த தவறை வெளியே நிற்கும் நோயாளர் எவ்வாறு நிரூபிப்பார்?

அதே ஆண்டு ஒக்டோபர் 26 ஆந் திகதி வேறொரு தீர்ப்பு. ஜேர்மனியில் ஒரு நோயாளர் தம்முடைய பல் வைத்தியரிடம் சிகிச்சைக் குறிப்புகளின் பிரதியைக் கேட்டார். வைத்தியர் செலவைத் தரும்படி கேட்டார். முதற்பிரதியை இலவசமாகக் கொடுக்கவேண்டும், எதற்காகக் கேட்கின்றீர் என்று காரணமும் கேட்கலாகாது என்றது நீதிமன்றம். கசிவுக்கு ஆளானவருக்கு இது வேண்டும். தம் பதிவில் என்ன எழுதியிருக்கின்றது என்பது தெரிந்தாலன்றோ எது போயிற்று என்பதும், பின்னர் எவரும் அதனை மாற்றினரா என்பதும் தெரியவரும்.

நம்முடைய நாட்டின் நிலையையும் சொல்லவேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமது பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. சுகநலம் பற்றிய செய்திகளை அது விசேட வகையிற் சேர்த்திருக்கின்றது. தம்மைப் பற்றிய பதிவைப் பார்க்கவும், பிழையிருந்தாற் திருத்துவிக்கவும் உரிமை தந்து, கசிவு ஏற்பட்டால் அதிகாரசபைக்கு அறிவிக்கும் கடமையையும் விதிக்கின்றது. ஆனால் அதன் பகுதிகள் யாவும் ஒரே நாளில் உயிர்பெறவில்லை. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருவதாயிருந்த முக்கியமான பகுதிகள் பின்போடப்பட்டன. அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தவும் பட்டது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமைக்கும் கையில் இருக்கும் உரிமைக்கும் இடையே வர்த்தமானி ஒன்று நிற்கின்றது. எந்தப் பிரிவு எந்நாள் முதற் செயற்படுகின்றது என்பதைச் சட்டத்தரணியிடம் உறுதிப்படுத்திக்கொண்டே அதனை ஆதாரமாகக் காட்டவேண்டும். இதற்கிடையில் நாம் வெறுங்கையர் அல்லர். அனுமதியின்றிக் கணினிக்குட் புகுதல் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். அச்சுறுத்திப் பணம் பறித்தல் தண்டனைச் சட்டக்கோவையிற் பழைய நாள் தொட்டே குற்றம். 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டமும், ஒருவருடைய மருத்துவப் பதிவை அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றிப் பிறருக்குக் கொடுக்க இடந்தரவில்லை.

தம்முடைய பதிவு கசிந்துவிட்டதென்று அறிந்த ஒருவர், அந்த வைத்தியசாலைக்கு அல்லது ஆய்வுகூடத்துக்கு முதலில் ஒரு கடிதம் எழுதவேண்டும். தொலைபேசியிற் கேட்பது போதாது. பேச்சு காற்றோடு போய்விடும். கடிதம் நீண்டிருக்கத் தேவையில்லை, கோபமும் தேவையில்லை. என்னைப் பற்றிய எந்தெந்தச் செய்திகள் வெளிப்பட்டன? எந்தத் திகதியில் வெளிப்பட்டன. நீங்கள் எந்தத் திகதியில் அறிந்தீர்கள்? எந்த அதிகாரிக்கு அறிவித்தீர்கள்? எனது பிள்ளைகளின் பதிவும் அதிலே அடங்குமா? இனி என்ன காவல் செய்திருக்கின்றீர்கள்? எனது பதிவின் பிரதியை எப்போது தருவீர்கள்? இவ்வளவுதான். நீங்கள் அறிந்த திகதி எது என்ற கேள்வியைத் தவறாது எழுதுக. வஸ்தாமோவைச் சிக்கவைத்தது அந்தத் திகதியே. நட்டஈட்டை ஏற்றுக்கொண்டதாகவோ, மேற்கொண்டு வழக்கில்லை என்றோ எந்தப் பத்திரத்திலும் அவசரப்பட்டுக் கையொப்பமிடவேண்டா. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் பிரதியையும் தபாற் கந்தோரிலே தரும் பற்றுச்சீட்டையும், செலவழித்த பணத்துக்கும் நாளுக்கும் உரிய குறிப்புகளையும் ஒரே உறையில் இட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுமொழி வராவிடின், அந்த உறையோடு சட்டத்தரணியிடம் போகலாம்.